மஞ்சள் என்று நான் எழுதிய பூ

கன்டோன்மென்ட் ரயில் நிலைய வாசலில் நின்று, அல்சூர் செல்லும் பேருந்து சாலையின் எந்தப் பக்கம் நிற்கும் என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது என்பது பெங்களூர் மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்க வந்திருந்த பாடம். குடை வைத்திருந்தவர் இந்தப் பக்கம் என்றார். அவருக்கு அருகில் நின்ற பெண்மணியும் இந்தப் பக்கம் என்றார். கோப்பு ஒன்றை மார்போடு அணைத்திருந்த இளைஞர் அதையே வழிமொழிந்தார். மூன்று சொல்லும் ஒத்துப்போன திருப்தியோடு ஏறி, அரை மணி நேரத்தில் நேர் எதிர்த்திசையில் இருக்கும் மெஜஸ்டிக்கில் இறங்கினேன்.

“அல்சூர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதம்மா,” என்றார் நடத்துநர் கன்னடத்தில். கையையும் நீட்டிக் காட்டியதால் எனக்குப் புரிந்துவிட்டது.

கோப்பு வைத்திருந்த இளைஞரும் அதே பேருந்தில்தான் வந்திருந்தார். ஓசூரிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வந்தவராம். “நானும் ஊருக்குப் புதுசுங்க. அந்தம்மா சொன்னாங்களேன்னு சொன்னேன். அவங்க குடைக்காரரு சொன்னதைக் கேட்டுச் சொன்னாங்க போல,” என்றார். குடைக்காரருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. திரும்பும் பேருந்தில் எங்கள் ஊர் வழக்கப்படி இடப்பக்க இருக்கை ஒன்றில் அமர்ந்தேன். அங்கே பெண்களுக்கு முன்பக்கம் என்று ஒரு முதியவர் கண்ணாலேயே தெரிவித்தார். விருதுநகரில் பேருந்து இடமும் வலமுமாகப் பிரிகிறது. பெங்களூரில் முன்னும் பின்னுமாக.

சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டு, பள்ளிகளில் தேடிக் கற்கும் வகுப்புகளை நடத்தும் சிறு குழு ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு செய்தி எங்கிருந்து வந்தது, சொன்னவருக்கு அது எப்படித் தெரியும், அதைச் சொல்வதால் அவருக்கு என்ன பயன் என்று கேட்கப் பழக்குவது எங்கள் நோக்கம். பாடநூலை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் மாணவர்கள் உறங்கிவிடுகிறார்கள். ஆகையால் பாட்டையும் மரத்தையும் பறவையையும் வைத்துச் செய்கிறோம்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் வேறொரு வேலையாகப் பெங்களூர் வந்தபோது, அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் அரை நாள் சுற்றியதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஃபிலோமினா டீச்சர்தான் என்னை அழைத்தார். மர்பி டவுனில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை அவர். நான்கு நாள் வகுப்பு. தங்குவது அவர் வீட்டில்.

திங்கட்கிழமை மாலை டீச்சர் என்னைச் சிற்றுண்டிக் கடைக்கு அழைத்துச் சென்றார். அங்கே நின்றபடிதான் சாப்பிட வேண்டும். காரமான காராபாத் உப்புமாவும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் இரு குன்றுகளாக வந்தன. சாம்பார் இனித்தது. எங்கள் ஊரில் சாம்பார் இனித்தால் சமையற்காரரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்கள். காபியை ‘பை டூ’ என்று சொல்லி வாங்கி இரண்டு குவளையில் பகிர்ந்துகொண்டோம். பக்கத்தில் நின்ற இருவர் அப்படிப் பகிர்ந்து குடித்துவிட்டு, ஒருவர் பெயரை ஒருவர் கேட்காமலே பிரிந்து போனார்கள். அறிமுகம் இல்லாதவரோடு அரைக் காபி குடிக்கும் ஊர் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பிறகு, என் கட்டுரையில் வந்த மரத்தைப் பார்க்கப் போனோம். மர்பி டவுனின் நெருக்கமான தெருக்கள் சந்திக்கும் முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அது. கிளைகள் நான்கு வீட்டுக் கூரைகளுக்குக் குடை பிடித்தன. அதன் நிழலில் பேண்டு செட்டுக்காரர்கள் எட்டுப் பேர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலில் பெயின்டர், வெல்டர், ஆட்டோ ஓட்டுநர். மாலையில் ட்ரம்பெட், கிளாரினெட், டிரம். கல்யாணம், திருவிழா, இறுதி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் இவர்கள்தான்.

அடிமரத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

“சாக்கடை கட்டப் போறாங்களாம். வெள்ளிக்கிழமை கார்ப்பரேஷன் இன்ஜினியர் பார்க்க வர்றாரு,” என்றார் டீச்சர். “மனு ரெடியா இருக்கு. நீ எழுதியிருந்த மாதிரியே இருநூறு வருஷத்து மரம்னு போட்டிருக்கோம். ஸ்கூல் மலர்லயும் அப்படித்தான் வந்திருக்கு, சர்ச் திருவிழா நோட்டீஸ்லயும் அப்படித்தான்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எழுதியதை மூன்று இடங்கள் உறுதிசெய்கின்றன என்று எண்ணிக்கொண்டேன்.

சைடு டிரம் வாசித்துக்கொண்டிருந்தவர் குச்சியைத் தூக்கி வணக்கம் சொன்னார். அந்தோணி. சென்ற ஆண்டு என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இந்தத் தெருக்களைச் சுற்றிக் காட்டியவர். “மரம் போச்சுன்னா நாங்க எங்கம்மா போய் ஊதுறது?” என்றார். “ஊடுங்கல்லாம் ஒரே செவுரு. இங்க நான் குச்சியத் தூக்குனா அங்க பாப்பா அழுவுது. எட்டுக் குடும்பம்மா. ஒத்திகை இல்லேன்னா ஒரு வருஷத்துல ஆர்டர் பூரா கேசட்டுக்காரன் கைக்குப் போயிடும்.”

செவ்வாய்க்கிழமை வகுப்பைப் பேருந்துக் கதையோடு தொடங்கினேன். முப்பது பேரும் என்னை வைத்து நன்றாகச் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ரெஜினா கையைத் தூக்கினாள். தெருமுனை வீட்டுப் பெண். கையைத் தூக்கும்போதே பேசத் தொடங்கிவிடுவாள்.

“அப்போ மூணு பேரு இல்ல மிஸ். ஒரே ஆளு, மூணு வாயி.”

அதற்குமேல் நான் விளக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. எல்லோரையும் நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னேன். கண்ணாலோ காதாலோ நானே அறிந்தது முதல் கட்டம். பிறர் சொன்னது இரண்டாவது. நானாக நினைத்துக்கொண்டது மூன்றாவது. எந்தச் செய்தி கிடைத்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் போட வேண்டும்.

“மிஸ், நீங்க நல்ல டீச்சர்ங்கிறது எந்தக் கட்டம்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஈஜிபுராவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் முனிராஜ்.

“நம்ம டீச்சர் சொன்னாங்க இல்ல, ரெண்டாவதுல போடு. வெள்ளிக்கிழமை பார்த்துக்கலாம்,” என்றாள் ரெஜினா.

அன்று மாலை இசைப் பாடம். பேண்டு செட்டுக்காரர்கள் எந்தக் கல்யாணத்திலும் முதலில் வாசிக்கும் ஊர்வல மெட்டு ஒன்று உண்டு. அதை ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவர் காதில் விழாத தொலைவில் முனகிக் காட்ட வேண்டும். மாணவர்கள் கவனித்து எழுத வேண்டும். பெரிய மீசை வைத்த எட்டுப் பேர் பள்ளிச் சிறுவர்களைப்போல வரிசையில் காத்திருந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஐந்து பேர் இரண்டாவது அடியின் நடுவில் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தார்கள். மூன்று பேர் நிற்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த ஐவரும் அந்தோணியின் அப்பாவிடம் கற்றவர்கள். ட்ரம்பெட் சூசை என்றால் அந்தக் காலத்தில் தெரியாதவர் கிடையாதாம். கடைசி ஆண்டுகளில் அவருக்கு அந்த இடத்தில் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கியதையும் மெட்டென்று எண்ணிக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மற்ற மூவரும் கேசட்டில் கேட்டுப் பழகியவர்கள்.

“சரியாக வாசிப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் வாசிப்பார்கள். அதிலிருந்து எதுவும் தெரியாது,” என்று கரும்பலகை இல்லாத தெருவில் நின்று உற்சாகமாகப் பேசினேன். “ஒரே இடத்தில் ஒரே மாதிரி தடுமாறினால், கற்ற இடம் ஒன்று. எழுத்திலும் இப்படித்தான். தப்பைப் பின்தொடர்ந்து போனால் ஊற்றுக்குப் போய்ச் சேரலாம்.”

நல்ல வாக்கியம் என்று அப்போது நினைத்தேன். பலர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

புதன்கிழமை இயற்கைப் பாடம். காலையில் பெங்களூரின் ஜூன் மாதத்துக் குளிர் என்னை டீச்சரின் ஸ்வெட்டருக்குள் தள்ளியது. எங்கள் ஊரில் ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். அதைச் சொன்னதும், “மிஸ் ஊர்ல மரமே இல்லையாம்டா, கருவேலந்தானாம்,” என்று ஒரு கேலி கிளம்பி நாள் முழுவதும் என்னுடன் வந்தது.

மரத்தடியில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து, நேரடியாக அறிவதை மட்டும் எழுத வேண்டும். உச்சிக் கிளையில் குக்குறுவான் ஒன்று சுத்தியலால் தகரத்தைத் தட்டுவதுபோல இடைவிடாமல் கூவியது. முனிராஜ் அதற்குத் தொடையில் தாளம் போட்டுப் பார்த்து, அந்தோணியின் டிரம்மைவிடப் பறவையின் காலப்பிரமாணம் நன்று என்று முடிவு செய்தான். குக்குறுவான் கூவினால் மழை வரும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை இரண்டாவது கட்டத்தில் எழுதிவிட்டு, உண்மையா என்று காத்திருந்தோம். கூவியது, மழை வரவில்லை. பறவை போனதும் வந்தது.

மாணவர்கள் எதிர்க்கடைக் கூரையின் கீழ் ஒதுங்கி மழையையும் எழுதினார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று முனிராஜ் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தான். ரெஜினா நனைந்த பூ ஒன்றைப் பொறுக்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பவுடர் பஞ்சுபோல இளஞ்சிவப்பு இழைகள். அழகான பூ என்று நானும் சொன்னேன். அதற்குமேல் அந்தப் பூ எனக்கு எதையும் நினைவூட்டவில்லை.

வீட்டுப்பாடம்: ஒருவரிடம் ஒருவர் கேட்டிராத மூன்று பேரிடம் மரத்தின் வயதைக் கேட்டு வர வேண்டும்.

அன்று திரும்பும்போது அந்தோணியின் ஆட்டோ முழங்காலளவு தண்ணீரில் நின்றுவிட்டது. டீச்சரும் நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினோம். வழியில் போன இருவர் கேட்காமலே கைகொடுத்தார்கள். “கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, பெங்களூரில் இப்படித்தான்,” என்று ஒருவர் கன்னடத்தில் என்னைத் தேற்றியதை டீச்சர் தமிழில் சொன்னார். எங்கள் ஊரில் மழை பெய்தால் கொண்டாடுவார்கள்; தேற்ற மாட்டார்கள். வீடு சேர்ந்ததும் டீச்சர் பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னைச் சுடச்சுடக் கொடுத்தார். அதன் இனிப்பை நான் குறைசொல்லவில்லை.

வியாழக்கிழமை எழுத்தாதாரங்கள். நான்கு தாள்களை மேசைமேல் பரப்பினேன்: பள்ளி ஆண்டு மலர், தேவாலயத் திருவிழா நோட்டீஸ், மனுவின் நகல், முனிராஜின் அண்ணன் எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்துக் கொடுத்த ஓர் ஆங்கிலப் பக்கம். “கம்ப்யூட்டர்லயே போட்டிருக்கான் மிஸ்,” என்றான் முனிராஜ். நான்கும் மரத்துக்கு இருநூறு வயது என்றன. ஊர்வல மெட்டு இம்மரத்தடியிலேயே பிறந்தது என்றன.

“நான்கும் ஒத்துப்போகின்றன. இப்போது என்ன கேட்க வேண்டும்?” என்றேன்.

ரெஜினா கையைத் தூக்கவில்லை. எழுந்து வந்து, நோட்டிலிருந்த பூவை மேசைமேல் வைத்தாள். அது சற்று வாடியிருந்தது.

“மிஸ், மஞ்சப் பூன்னு போட்டுக்கீது. நாலுலயும். இது ரோஸு.”

வகுப்பு முழுவதும் மேசையைச் சூழ்ந்துகொண்டது. ஆங்கிலத் தாளை முனிராஜ் எழுத்துக்கூட்டிப் படித்தான். அதிலும் மஞ்சள்.

“ஒரே எடத்துல தடுமாறுனா ஒரே வாத்தியாருன்னு சொன்னீங்களே மிஸ். அப்போ நாலு பேப்பர் இல்ல. ஒரே ஆளு, நாலு வாயி!”

நான் கைதட்டினேன். உண்மையாகவே கைதட்டினேன். மூன்று நாளில் ஒரு வகுப்பு இங்கே வந்து சேர்ந்ததை இதற்கு முன் நான் கண்டதில்லை. “அருமை! அந்த ஒரே ஆள் யார்? நான்கில் எது முதலில் வந்தது?”

ஆண்டு மலர்தான் முதல். அந்தப் பக்கத்தைத் தொகுத்தவர் ஃபிலோமினா டீச்சர். “ஏதோ ஒரு பத்திரிகையிலேர்ந்து எடுத்த ஞாபகம்,” என்று சொல்லிக்கொண்டே ஆசிரியர் அறைக்குப் போனவர், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கத்தரிப்புடன் திரும்பினார். வாசலிலேயே அவர் நடை தயங்கியது. ரெஜினா அதை வாங்கி உரக்கப் படித்தாள்.

“இருநூறு ஆண்டுகளாக நிற்கும் அம்மரத்தின் மஞ்சள் பூக்கள் தெருவெங்கும் விரிந்து கிடக்க...” கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “மிஸ், உங்க பேரு போட்டுக்கீது.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, சென்ற செப்டம்பரை அவற்றில் நிரப்பினேன். நானே அறிந்தது: பெரிய மரம், தரையில் மஞ்சள் இதழ்கள், ஒரு மெட்டு. பிறர் சொன்னது: இருநூறு வயது, ஆட்டோ ஓட்டுநர் சொன்னார். நானாக நினைத்தது: இதழ்கள் இம்மரத்தினுடையவை, மெட்டு இங்கேயே பிறந்தது. அடுத்த சந்தில் இயல்வாகை மரம் ஒன்று இருக்கிறது. அதன் மஞ்சள் இதழ்களைக் காற்று இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். நான் குனிந்து பார்த்தேனே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று கட்டத்திலும் இருந்ததைக் கலந்து ஒரே கட்டத்திலிருந்து எழுதுவதுபோல எழுதியிருந்தேன்.

“இன்னொன்னும் இருக்கு மிஸ்,” என்றான் முனிராஜ். தயங்கியபடியே ஒரு புகைப்படத்தை எடுத்தான். “எங்க தெருவுல செலின் அக்கா யூனிஃபார்ம் தெப்பாங்க. அந்தோணி மாமாவோட அக்கா. வீட்டுப்பாடத்துக்குக் கேட்டேன். இது அவங்க கல்யாணம்.”

கறுப்பு வெள்ளைப் படம். மணப்பெண், மாப்பிள்ளை, பின்னால் பேண்டு செட்டு. அதே தெருமுனை. ட்ரம்பெட் சூசைக்குப் பக்கத்தில் முள்வேலிக்குள் ஒரு கன்று, அவர் கையைவிட ஒல்லியாக நின்றது. செலின் அக்கா சொன்னதை முனிராஜ் எழுதி வந்திருந்தான்: கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். கன்றை அதற்கு முந்தைய வருடம் நட்டவர் அப்பா. கோடையில் பேண்டு செட்டுக்காரர்கள் ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். மெட்டு அப்பா தங்கவயலில் கற்றுவந்தது. இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பதில்: ‘யாரும் கேக்கலையே.’

மாலையில் மரத்தடியில் அந்தோணியிடம் சொன்னோம். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“எனக்கு அப்போ அஞ்சாறு வயசு. வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து பெரிய மரமாத்தான் பார்த்துனு இருக்கேன்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ வண்டில உக்காந்துனு எவ்ளோ வயசுன்னு கேட்ட. நானு சும்னே சொன்னேன்மா. இருநூறுன்னா நல்லா இருக்குமேன்னு. நீ எழுதிக்குவேன்னு எனக்கு எப்டித் தெரியும்?”

“மனுவை மாத்தணும்,” என்றேன்.

“மாத்திட்டு?” அவர் குரல் உயர்ந்தது. “முப்பத்தேழு வருசத்து மரத்துக்கு எவன் சாக்கடைய நிறுத்துவான்? நீங்க சனிக்கிழமை ரயிலேறிப் போயிடுவீங்க. சிவப்புக் கோடு எங்க மரத்து மேல தானே!”

ஃபிலோமினா டீச்சரும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “வேணும்னு பொய் எழுதலையே. இருக்கறத அப்படியே விட்டுடலாமா? யாரு போய் சரிபார்க்கப் போறாங்க?”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொய்யென்று தெரிந்த மனுவை முப்பது மாணவர்கள் கையில் கொடுத்தனுப்பினால் நான்கு நாள் வகுப்புக்குப் பொருளில்லை. ஆனால் அந்த வகுப்பின் தூய்மைக்கு விலை கொடுக்கப்போவது நானல்ல. பொறியாளர் பூவை நிமிர்ந்து பார்த்தாரென்றால் மனு முழுவதும் குப்பைக்குப் போகும் என்றும் தோன்றியது. நிமிர்ந்து பார்க்காதவர்கள் உலகில் நிறைய இருக்கிறார்கள் என்பதற்கு நானே சாட்சி. எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ரெஜினா படத்தை அந்தோணியின் கையிலிருந்து வாங்கினாள்.

“மாமா, இருநூறு வருஷம்னா யாரோ வெச்ச மரம். இது உங்க அப்பா வெச்ச மரம். நாளைக்கு அந்த இன்ஜினியர் வந்து கேட்டா எத உங்களால தைரியமா சொல்ல முடியும்?”

அந்தோணி டிரம்மை மடியில் வைத்து, குச்சிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “எழுதுங்க. ஆனா எங்க அப்பா பேர ஒழுங்கா எழுதுங்க,” என்றார் கடைசியில்.

வெள்ளிக்கிழமை காலை பொறியாளர் ஸ்கூட்டரில் வந்தார். மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பைக்குள் கோப்பு, சலித்த முகம். பேண்டு செட்டு அவரை ஊர்வல மெட்டோடு வரவேற்றது. பேசுவது கேட்கவில்லை என்று அவர் கையமர்த்திய பிறகும் கிளாரினெட்காரர் ஓர் அடி கூடுதலாக வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினார். பொறியாளர் பேசிய கன்னடத்தை முனிராஜ் என் காதோரம் தமிழாக்கினான்.

“இந்த மரத்துக்கு எத்தனை வயது? இருநூறா, முந்நூறா?”

“முப்பத்தேழு சார்,” என்றான் முனிராஜ் கன்னடத்தில். திருத்திய மனுவையும் புகைப்படத்தையும் நீட்டினான்.

பொறியாளர் படத்தை வாங்கிப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். “இந்த வார்டில் எனக்குக் காட்டப்பட்ட மரமெல்லாம் இருநூறு வயது. என்னைவிட இளைய மரத்தை இன்றுதான் பார்க்கிறேன்,” என்றார். சலிப்பு சற்றே விலகியிருந்தது. “வைத்தவர் யார்?”

“எங்கப்பா,” என்றார் அந்தோணி.

“நல்லது. ஆனால் என் வரைபடம் மரத்தின் வயதைக் கேட்பதில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறது.”

முனிராஜ் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். நோட்டைப் புரட்டி புதன்கிழமை மழையை எடுத்துக் காட்டினான். அம்புக்குறிகள் எல்லாம் மரத்தை விட்டு விலகி எதிர்ப்பக்கம் ஓடின. தேங்கியது எதிர்க்கடை வாசலில். பொறியாளர் அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்தார். சுவரில் சேற்றுக் கறை படிந்திருந்த உயரத்தைக் கையால் அளந்தார். திரும்பி வந்து, நோட்டின் அந்தத் தாளைக் கிழித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

“ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன் சார். ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கணும்,” என்றான் முனிராஜ்.

நகலை வாங்கிக்கொண்டு போகும்போது பொறியாளர் சொன்னது ஒரே சொல். “நோடோணா.” பார்க்கலாம். நம்பிக்கை தரவும் தட்டிக்கழிக்கவும் கர்நாடகத்தில் இந்த ஒரு சொல்லே போதுமானது என்று டீச்சர் பிறகு விளக்கினார்.

சனிக்கிழமை அந்தோணியே என்னை ரயில் நிலையத்தில் கொண்டுவிட்டார். வழியில் அதிகம் பேசவில்லை. இறங்கும்போது, “வழியில எதுனா கேட்டியானா, தெரிஞ்சவங்கள கேளும்மா,” என்றார். நல்ல அறிவுரை. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுவேன் என்று அவரிடமும் வகுப்பிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ரெஜினாவின் கடிதம் வந்தது. நலமா என்றுகூடக் கேட்காமல், தாளில் நேராக மூன்று கட்டம்.

‘நானே அறிந்தது: செவ்வாய்க்கிழமை சாக்கடை தோண்ட ஆரம்பித்தார்கள், எதிர்ப்பக்கம். மரத்தில் சிவப்புப் பெயின்ட் இன்னும் இருக்கிறது. ஒத்திகை தினமும் நடக்கிறது.

பிறர் சொன்னது: இன்ஜினியர்தான் மாற்றினார் என்று அந்தோணி மாமா சொல்கிறார். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுவேன் என்று மிஸ் சொன்னார்கள்.

நானாக நினைத்தது: மரம் தப்பித்துவிட்டது. ஆனால் பெயின்ட் அழியும்வரை இந்தக் கட்டத்தை விட்டு நகர்த்த மாட்டேன்.’

ஆகையால் இங்கே, அதே பத்திரிகையில்: மர்பி டவுன் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்துக்கு இருநூறு வயது அல்ல, நாற்பதுகூட ஆகவில்லை. நட்டவர் ட்ரம்பெட் சூசை. தண்ணீர் ஊற்றியவர்கள் அவருடைய பேண்டு செட்டுக்காரர்கள். அவர்களுடைய ஊர்வல மெட்டு தங்கவயலிலிருந்து வந்தது. பூ மஞ்சள் அல்ல, இளஞ்சிவப்பு. இவற்றையெல்லாம் சென்ற ஆண்டு தவறாக எழுதியவள் நான்.

ரெஜினா, என்னைப் பற்றிய அந்த வரியை இனி முதல் கட்டத்துக்கு மாற்றிக்கொள்.